வேலியோரத்துச் சோள ரொட்டி

நான் சாப்பாட்டு ராமன் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. புக்கிட் பெலிம்பிங் பக்கம் எங்கள் தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள். ரசமும் கருவாடும் இருந்தால் கணக்கெழுதும் ரெங்கசாமி கிராணிக்குப் போதும் என்றுதான் சொல்வார்கள்.

மெக்சிகோ சாப்பாடு மட்டும் வேறு விஷயம். முந்தைய துரை மெக்சிகோவில் வேலை பார்த்தவர். ஊருக்குப் போகுமுன் தன் கையால் சோள ரொட்டி சுட்டு, மிளகாய்ச் சாந்து தடவி எனக்குக் கொடுத்தார். அவர் கப்பல் ஏறிவிட்டார். ருசி என் நாக்கை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து தேடினேன். கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை ஜக்கரியா ஒரு பரோட்டாவுக்குள் மத்தி மீனை வைத்துச் சுருட்டி, "இதுதான் மெக்சிகோ லா, சாப்பிடுங்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அசலைத் தெரியாதவர்.

அசல் கிடைத்தது பாகான் நக்கோடா ஓமாருக்கு அப்பால், காட்டோரத்தில் சில வீடுகளே உள்ள சின்னக் கம்பத்தில். மதார் சாகிபு கப்பலில் சமையல்காரராக இருந்து, மெக்சிகோ துறைமுகமொன்றில் கொஞ்ச காலம் தங்கியவர். வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் சோளத்தை வேகவைத்து, அம்மியில் அரைத்து, ரொட்டி தட்டுவார். முதல் வாயிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரே குறை, தூரம். ஊரடங்குச் சட்டத்தால் இருட்டுமுன் நான் தோட்டத்து முள்வேலிக்குள் வந்துவிட வேண்டும். சைக்கிளில் கொண்டுவந்தால் ரொட்டி விறைத்துப்போகும். எங்கள் பக்கம் வந்து கடை போடுங்கள் என்று கெஞ்சினேன்.

"இந்த எடத்த வுட்டு எங்க போறது கிராணியாரே" என்று சிரித்தார்.

சர்க்காரின் முறை எனக்குத் தெரியும். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, சேர்த்துவைத்தால் கெட்டுப்போகும்படி கடைகளில் டின்னில் துளை போட்டுத்தான் விற்கிறார்கள். துளையில்லாத டின்கள் காட்டோரம் அகப்பட்டால் அந்தக் கம்பத்தையே லோரியில் ஏற்றி, வேலிக்குள் குடிவைப்பார்கள். எங்கள் தோட்டத்தை ஒட்டி அதற்கென்றே ஒரு நிலத்தை வேலி கட்டி வைத்திருந்தார்கள். தோட்டத்து ஸ்டோர் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பால் டின்களையும் அரிசியையும் சாக்கில் கட்டி, சாகிபுவின் கம்பத்துக் காட்டோரம் கொண்டுபோய் வைத்தேன். தகவலும் நானே கொடுத்தேன்.

எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஜனங்களை ஏற்றினார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். செல்லையா என்பவர் வலையை எடுக்கத் திரும்பி ஓடினார், சுட்டுவிட்டார்கள். வருத்தம்தான். ஆனால் அவர் சாகிபு கடையில் தேநீர் மட்டும் குடிக்கிறவர்.

மறுநாளே நடந்து போய்ப் பார்த்தேன். தேடி வந்த ஒரே ஆள் நான்தான் என்று சாகிபு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்து ரொட்டி கேட்டேன். சர்க்கார் கொடுத்த கோதுமை மாவில் தட்டிக் கொடுத்தார். சப்பென்று இருந்தது.

"அம்மி அங்கயே கெடக்கு கிராணியாரே. இனிமே என்னத்த அரைக்கிறது?"

இவ்வளவு பாடுபட்டும் மனுஷன் இப்படிக் கைவிட்டுவிட்டாரே என்று எனக்கு மனசு உடைந்துபோயிற்று.

என் சைக்கிளில் நீங்கள் பிடித்த சாக்கிலும் துளையில்லாத டின்கள்தான் இருக்கின்றன, ஐயா. மறைக்கவில்லை. சாகிபுவிடம் தொழில் கற்ற வேலம்மா சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு கம்பத்தில் கடை வைத்திருக்கிறாளாம். இந்த முறை அம்மியையும் சேர்த்து ஏற்றச் சொல்லலாம் என்றிருந்தேன்.