ஒப்புக்குச் சப்பாணி

கேரம் போர்டில் சாப்பாட்டை வைத்துச் சாப்பிடுவது வசதியானது. நாலு பக்கமும் கட்டை இருப்பதால் டப்பா மூடி உருண்டு கீழே விழாது. என் அண்ணன் வேலை பார்க்கும் கட்டடத் தளத்தின் ஓய்வறையில் அப்படி ஒரு போர்டு கிடக்கிறது. முன்பெல்லாம் சாப்பிட்ட கையோடு அதில் ஆட்டம் தொடங்கும், சத்தம் வெளி கேட் வரைக்கும் வரும். இப்போது அது சாப்பாட்டு மேஜைதான். எல்லோரும் சுவரில் சாய்ந்துகொண்டு ஆளுக்கொரு போனில் விளையாடுகிறார்கள். அவர்கள் விளையாடுவது எங்கள் கம்பெனி செய்த ஆட்டம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

கிரேனின் பிரேக்கைப் பார்க்கும் மெக்கானிக்கை நீங்கள் லாக்கப்பில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் மேல் தப்பில்லை. கிரேனிலும் கோளாறு இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், இடையில் கேட்டால் எனக்கு விட்டுப்போகும்.

அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவன். பதினேழு வருடமாக டவர் கிரேன் ஓட்டுகிறான். நிறைந்த டீ டம்ளரைக் கொக்கியில் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஐந்தாவது மாடியில் வைப்பான் என்று அங்கே சொல்வார்கள். கூட்டிச் சொல்கிறார்கள். இரண்டாவது மாடிதான். போன வருடம் காற்றில் அடித்த இரும்புக் கதவு அவனுடைய வலது மணிக்கட்டை நசுக்கியது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. ஒரு வருடத்துக்குக் கிரேன் லிவரைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். பிசியோதெரபி செய்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "போன்ல ஏதாவது கேம் ஆடுங்க, விரலுக்கு நல்லது" என்றார். அவன் போனில் எங்கள் ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தது நான்.

ஆட்டம் சுலபம். மேலிருந்து ஒரு கொக்கி தொங்கும். பெட்டிகளை மாட்டி, எதிராளியை முந்தி மூன்று நிமிடத்தில் அடுக்க வேண்டும். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு அது வெறும் விளையாட்டு இல்லை. அந்தத் தளத்தில் ஒருவன் கை எப்படி என்று கேட்டால், அவன் ரேங்க்கைத்தான் சொல்வார்கள். இதை நாங்கள் திட்டமிட்டுச் செய்யவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது.

அண்ணன் தோற்றான். முதல் வாரம் முப்பத்தொரு ஆட்டம், முப்பத்தொன்றிலும் தோல்வி. எதிரில் யாரோ பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அண்ணி சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தார். அந்த அழுகை எனக்குக் கேட்கக்கூடாது என்றுதான். அன்றைக்கு நான் உடைந்துபோனேன். அதற்குப் பிறகு நான் செய்த எல்லாவற்றுக்கும் அந்த நாற்காலிதான் காரணம்.

ஆட்டத்தில் யாருக்கு யாரை எதிராளியாக நிறுத்துவது என்பதுதான் என் வேலை. புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே தோற்றால் ஓடிப்போவார்கள். அதனால் அவர்களுக்கு ஒரு தனிப் பட்டியல். அதில் இருப்பவர்களோடு மனிதர்கள் மோத மாட்டார்கள், மனிதப் பெயர் வைத்த இயந்திரம்தான் மோதும். அது பத்துக்கு எட்டு ஆட்டம் தோற்றுக்கொடுக்கும். பத்தும் தோற்றால் சந்தேகம் வரும் இல்லையா. எங்கள் ஆபீசில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர். அந்தப் பட்டியலுக்கு நாங்கள் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று பெயர் வைத்தோம். மேனேஜர் அதை ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று நினைத்து மீட்டிங்கில்கூட உச்சரிப்பார்.

சின்ன வயதில் தெருவில் விளையாடும்போது பெரிய பையன்கள் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அண்ணன்தான் சண்டை போட்டுச் சேர்ப்பான். "இவன் ஒப்புக்குச் சப்பாணி. அவுட்டானாலும் கணக்கில்ல." நான் நாள் முழுக்க ஓடுவேன், யாரும் என்னைத் தொடமாட்டார்கள். எனக்கு அது தெரியாது. நான்தான் எல்லோரையும்விட வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்தது பத்து வயதில். தெரிந்தபோது எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், அவன் எனக்குச் செய்ததைத்தான் நான் அவனுக்குச் செய்தேன். அவன் பெயரைப் பட்டியலில் சேர்த்தேன்.

மறுநாளே அண்ணன் குரல் மாறிவிட்டது. போன் பண்ணி, "டேய், கை திரும்புதுடா" என்றான். அவனாக எனக்குப் போன் பண்ணி வருடக்கணக்காகியிருந்தது. அதற்குப் பிறகு தினமும் பண்ணினான். எந்த எதிராளியை எப்படி மடக்கினான் என்று விளக்குவான். அந்த எதிராளிகளின் பெயரெல்லாம் நான் வைத்தது. ஆட்டம் முடிந்ததும் அவர்கள் அனுப்பும் 'உங்க கை சான்ஸே இல்ல அண்ணே' என்ற வரியும் நான் எழுதியது. கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, மிகவும் பிடித்திருந்தது.

நாலாவது மாதம் முதல் நூறு பேருக்குள் வந்துவிட்டான். தளத்தில் அவன் ரேங்க் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஆள் பற்றாக்குறை வேறு. சைட் இன்சார்ஜ் டாக்டரின் கடிதத்தைப் படித்துப் பார்த்தாராம். "லைட் டியூட்டின்னுதான போட்டிருக்கு? உக்காந்து லிவரத் தள்றது லைட் டியூட்டிதான். இந்த ரேங்க்குல இருக்கிற கையையா சரியில்லைங்கிறாங்க?" அண்ணன் இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

இயந்திரம் தோற்றுக்கொடுத்தாலும் கணக்கு பொய் சொல்லாது. திரையில் ஒன்று தெரிந்ததிலிருந்து விரல் அசைவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்பது தனியாகப் பதிவாகும். அதை நான் தினமும் காலையில், டீ குடித்துக்கொண்டே பார்ப்பேன். நல்ல கைக்கு அரை விநாடிக்கும் குறைவாக ஆகும். அவனுக்கு ஒன்றேகால் விநாடி. முதல் வாரமும் அதுதான், மறுபடி கிரேன் கேபினில் ஏறிய வாரமும் அதுதான். பட்டியலிலிருந்து அவனை எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை பட்டனில் விரல் வைத்தேன். எடுத்தால் அந்த நாற்காலி மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பும். என்னால் முடியவில்லை. உங்களுக்கு அண்ணன் இருந்தால் புரியும்.

கொடிக்காரர் என் ஆபீசுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். கீழே நின்று கொடி காட்டி கிரேனுக்குச் சைகை செய்கிறவர் என்பதால் எல்லோருக்குமே அவர் கொடிக்காரர்தான். அண்ணனுக்குப் பன்னிரண்டு வருடக் கேரம் கூட்டாளி. எங்கள் வரவேற்பறை சோபா பொம்மைக் கட்டைகளை அடுக்கிய மாதிரி செய்தது. அழுக்காகிவிடும் என்று அதன் நுனியில் உட்கார்ந்தார்.

"தம்பி, அண்ணன் உங்க கேம்ல பெரிய ஆளாமே."

"ஆமாண்ணே. டாப் நூறுல இருக்கான்."

"நேத்து அந்தப் போர்டத் துடைச்சு வச்சு ஒரே ஒரு ஆட்டம்னு கூப்பிட்டேன். ஸ்ட்ரைக்கர அடிச்சான், அது தாவி என் மடியில வந்து விழுது. பழக்கம் விட்டுப்போச்சுன்னு சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்." கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழக்கமா, கையா? அதக் கேக்கத்தான் வந்தேன். நான் கீழ நிக்கிறவன் தம்பி. நீங்க சொன்னா நம்பிக்கிறேன்."

அன்றைக்குக் காலையில் பார்த்த எண் எனக்கு ஞாபகம் இருந்தது. "கேரம் வேற, இது வேறண்ணே. கை சரியில்லாம இந்த ரேங்க் வராது" என்றேன்.

அவர் நிம்மதியாக எழுந்தார். அவருடைய மகள் கேட்டாள் என்று தன் போனிலும் அந்த ஆட்டத்தை ஏற்றித் தரச் சொன்னார். ஏற்றிக் கொடுத்தேன். லிஃப்ட் வரை போய் வழியனுப்பினேன்.

பதினோரு நாள் கழித்து, காலை பத்தேகாலுக்கு, அண்ணனின் கிரேனில் கம்பிக் கட்டு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. கட்டு ஆட ஆரம்பித்ததும் அவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். மற்றதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. "கொடியப் பாத்த நொடியே நிறுத்திட்டேன், பிரேக்தான் பிடிக்கல" என்று அண்ணன் சொல்வது பொய் இல்லை. உடனே நிறுத்தியதாகத்தான் அவன் மனதார நம்புகிறான். தளத்திலும் அவன் கையை யாரும் சந்தேகப்படவில்லை, அதனால்தான் எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவன் பார்த்ததற்கும் கை கேட்டதற்கும் நடுவில் ஒன்றேகால் விநாடி இருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும். ஆகவே கொடிக்காரரைக் கொன்றது நான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மெக்கானிக்கை இன்றைக்கே விட்டுவிடுங்கள். ஆனால் அண்ணனிடம் கையைப் பற்றி மட்டும் எதுவும் சொல்ல வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய உங்களுக்கு ஏதாவது வழி இருக்கும். நேற்று அண்ணி போன் பண்ணினார். "சாப்பிடவே மாட்டேங்கிறாருப்பா. கேம் ஆடும்போது மட்டும்தான் முகம் கொஞ்சம் தெளியுது. கிரேனச் சரிபண்ணினதும் மறுபடி ஏறணும்கிறாரு."

அந்தப் பட்டியலில் ஒரு சிக்கல், வாராவாரம் நான் புதுப்பிக்காவிட்டால் அண்ணன் பெயர் தானாக விழுந்துவிடும். நாளை மதியம் வரைக்கும்தான் நேரம். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் என் போனை ஐந்து நிமிடம் கொடுத்தால் போதும், நீங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளலாம். இதனால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது.