லீவு கேட்கப் போனவர்

பழவங்காடியில் பஸ் ஏறியதிலிருந்து, இறங்குமிடத்தைத் தவற விட்டுடுவேனோன்னு எனக்கு ஒரே பயம். முன் சீட்டில் இரண்டு போலீஸ்காரர்களின் மனைவிகள்.

"உன் வீட்டுக்காரர் லீவு கேட்கப் போனதுல என் வீட்டுக்காரருக்கு லீவு போச்சு, சாந்தி."

"சட்டசபை நடக்கும்போதுதானே அக்கா எம்.எல்.ஏ.க்களைப் பிடிக்க முடியும்? வாரம் ஒரு நாள் லீவு, போலீஸ் சங்கத்துல எல்லாருக்கும் வேண்டித்தானே கேக்கிறாங்க."

"கேக்கட்டும். உன் வீட்டுக்காரரோட டியூட்டியை இவர்தானே பாக்கறார். நாளைக்குப் பிள்ளைக்குக் காதுகுத்து, அப்பா இல்லாம."

"அவரும் அலையறார் அக்கா."

"ஏசி ரூம்ல சாயா குடிக்கிறது அலைச்சலா? எம்.எல்.ஏ.வோட எடுத்த போட்டோ பார்த்தேன். சட்டையில ஒரு பொட்டு வேர்வை இல்ல."

சாந்தி, "நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் வந்துடறோம். அவருக்குக் காலையில வேலை ஒண்ணுமில்ல" என்றாள்.

"நீ மட்டும் வா."