மூக்கில் கட்டிய மணல் மூட்டை

மேலே எழுதியுள்ள பெயரும் விலாசமும் என்னுடையவை. வயது ஐம்பத்திரண்டு. கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராக வேலை பார்க்கிறேன். இறந்துபோனவன் என் உடன்பிறந்த தம்பி. சிறு விமானம் ஓட்டும் உரிமம் அவனுக்கு இருந்தது.

ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டும், தலைக்கு மேல் விசிறி சுழலும் சிறு பறக்கும் இயந்திரமான ஜைரோகாப்டர் ஒன்றை நாங்கள் இருவரும் எங்கள் கொட்டகையில் கட்டினோம். வரைபடமும் கணக்கும் என்னுடையவை. பத்திரிகையில் வந்தது அவன் படம். முதலில் பறப்பது நான் என்றிருந்ததால், இயந்திரத்தை உத்தரத்தில் தொங்கவிட்டு, என்னை உட்காரவைத்து, என் எடைக்குச் சமநிலை பார்த்து வைத்தோம். அதன் பிறகு, உரிமம் உள்ளவன் பறப்பதே முறை என்று வீட்டில் பேசி முடித்துவிட்டு எனக்குத் தெரிவித்தார்கள்.

தம்பி என்னைவிட மெலிந்தவன். இன்ஜின் பின்னால் இருப்பதால் முன்பாரம் குறைந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும். ஆகவே முந்தின நாள் மாலை, மூக்கு மூடிக்குள் கால் வைக்கும் இடத்தில் ஒரு மணல் மூட்டையை நானே கட்டினேன். "உன் தொப்பை வரலைன்னு அதோட தம்பிய அனுப்புறியாண்ணா?" என்று சிரித்தான்.

மறுநாள் காலை இயந்திரத்தை வெளியே தள்ளப் போனோம். கொட்டகைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நான் பின்னால் நின்று மேல்விசிறியின் இறக்கையைப் பிடித்திருந்தேன். அதன் பிறகு வெளியே தள்ளியதும் அவன் ஏறி ஓட்டினான். தரையை விட்டதுமே மூக்கு மேலே தூக்கியது. விமானம் ஓட்டிய பழக்கத்தில் கைப்பிடியை முன்னால் தள்ளினான். ஜைரோகாப்டரில் அப்படித் தள்ளக் கூடாது; மேல்விசிறி வேகம் இழந்து தாழ்ந்துவிடும். விசிறி வாலை வெட்டியது. கதவு அறைந்த மாதிரிச் சத்தம் கேட்டதால் நான் கதவைத்தான் திரும்பிப் பார்த்தேன். கதவு அசையாமல் இருந்தது. அதற்கு முட்டுக்கொடுத்தபடி மணல் மூட்டை கிடந்தது. அதன் பிறகு ஓடிப்போய்ப் பார்த்தபோது தம்பிக்கு உயிர் இல்லை.

பொறாமையில் நான் மூட்டையை அவிழ்த்துவிட்டதாகத் தம்பி மனைவி புகார் கொடுத்திருக்கிறாள். "கட்டினவருக்கு அவுக்கத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள். பொறாமை இருந்தது உண்மை. மூட்டையை நான் அவிழ்க்கவில்லை. எங்கள் இருவரைத் தவிர அங்கே யாரும் இல்லை.

இதுவரை எழுதியதைக் காவல் நிலையத்தில் படித்துக் காட்டினார்கள், சரியாக இருந்தது. ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னேன். இயந்திரத்தை வெளியே தள்ளுவதற்கு முன், "எதையாவது வச்சு அந்தக் கதவ நிறுத்துடா" என்று அவனிடம் சொன்னது நான். நான் சொன்ன எதையும் அவன் ஒரே தடவையில் செய்ததில்லை. அன்று செய்தான்.

இவை நடந்தபடியே யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொன்னவை. கடைசியில் சேர்த்த வரிகளும் உண்மை என்று அவற்றின் கீழும் தனியாகக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)