வாசலுக்கு வெளியே நூற்றுப் பதினெட்டுப் பேர்

– கையைக் கொஞ்சம் தூக்குங்க போதகரம்மா. அசைஞ்சா ஊசி குத்திடும், அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது.

– இது யாரோட அங்கி அக்கா? இதுக்குள்ள இன்னொரு ஆளும் தாராளமா நிக்கலாம் போல இருக்கே.

– போன நிரந்தரப் போதகரோடது. ஆறடி இருப்பார். நீங்க மூணு மாசத்துக்குத்தானே வந்திருக்கீங்க, அதனால வெட்டாதே, மடிச்சுத் தைன்னுட்டார் எங்க வீட்டுக்காரர். சபைக்குச் செயலாளர் இல்லையா, எல்லாம் முறைப்படி நடக்கணும். நான் ஒண்ணும் சொல்லல.

– மடிச்சே தைங்க, எனக்குப் பழக்கம்தான். இது எனக்கு ஏழாவது கோயில். ஒரு அங்கியும் என் அளவுக்கு அமைஞ்சதில்ல. சரி, நாளைக்கு என்னை எப்படி அறிமுகம் பண்ணிக்கப் போறேன்னு சொல்லிப் பார்க்கறேன், கேளுங்க. "எல்லாருக்கும் வணக்கம். நான் தற்காலிகப் போதகர். ஆனா என் தொண்டை நிரந்தரம், கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும். தூங்க நினைக்கிறவங்க வீட்லயே தூங்கிட்டு வந்துடுங்க." ஏன் அக்கா, சிரிப்பே வரலையா?

– வருது, வருது. இதை யார்கிட்ட சொல்லப் போறீங்கன்னுதான் யோசிக்கிறேன்.

– சபைகிட்டதான்.

– ஐயோ, வாய் நிறைய ஊசியை வச்சுக்கிட்டும் எனக்கு வாய் நிக்குதா பாருங்க. நாளைக்கு ஒருத்தரும் உள்ள வரமாட்டாங்கம்மா. ஆராதனை முடியற வரைக்கும் எல்லாரும் கேட்டுக்கு வெளிய நிக்கறதா முடிவு. நானுந்தான்.

– நான் வந்து இன்னும் ஒரு நாள் ஆகல. அதுக்குள்ள என்ன தப்புப் பண்ணினேன்?

– உங்க மேல ஒண்ணும் இல்ல. நாலு வருஷமா தற்காலிகம், தற்காலிகம்னே அனுப்பறாங்க. நீங்க அஞ்சாவது ஆள். எங்க முகம் பழகறதுக்குள்ள பெட்டியைக் கட்டிடறாங்க. எங்கம்மா தவறினப்ப ஒருத்தர் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. குழி வரைக்கும் வந்தார், உருக்கமா ஜெபம் பண்ணினார். எதுத்த வீட்டு அம்மா பேரைச் சொல்லி.

– என்னது!

– அந்தம்மா என் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தாங்க. பாவம், அவங்களுக்கு அழறதா ஓடறதான்னு தெரியல. எங்கம்மா அறுபது வருஷம் இந்தக் கோயிலுக்கு வந்தவங்கம்மா. கடைசியா ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமப் போச்சு. அதை மட்டும் என்னால தாங்கிக்க முடியல.

– உங்கம்மா பேர் என்னன்னு அப்புறம் எனக்குச் சொல்லுங்க. நாளைக்கு முதல் ஜெபத்துல சொல்றேன்.

– சொல்லுவீங்க. கேக்கத்தான் நான் உள்ள இருக்க மாட்டேனே.

– உள்ள வரலாமா?

– வாங்க செயலாளர் ஐயா. அங்கிதான் பாதியில நிக்குது.

– ஏம்மா, அங்கியைத் தைக்கச் சொன்னா வீட்டு விஷயத்தை எல்லாம் பிரிச்சுப் போட்டுட்டியா?

– நான் ஒண்ணும் சொல்லலைங்க.

– உன் மூஞ்சியே சொல்லுதே. பரவாயில்ல. போதகரம்மா, முறைப்படி நானே சொல்லணும்னுதான் வந்தேன். நாளைக்கு நூத்துப் பதினெட்டுப் பேரும் வெளிய நிப்போம். சத்தம் போட மாட்டோம், கோஷம் கிடையாது. பெஞ்சைத் துடைச்சு வச்சிருக்கோம், மணி நேரத்துக்கு அடிக்கும், மைக் வேலை செய்யும். நீங்க ஆராதனையை நடத்திக்கலாம்.

– உள்ள ஒருத்தரும் இல்லாம?

– ஈ காக்கா இருக்காது. வருகைப் பதிவேட்டுல சைபர்னு விழும். அதை அப்படியே பேராயர் ஆபீசுக்கு அனுப்புவோம். பார்த்தா மனுஷர் அரண்டுட மாட்டாரா? மறு மாசமே நிரந்தரமா ஒருத்தரை அனுப்பிடுவார்.

– நல்லா யோசிச்சிருக்கீங்க ஐயா. யாரோட யோசனை?

– முப்பத்தொரு வருஷம் தலைமையாசிரியரா இருந்தவன் நான். ஒரு வகுப்பை அடக்கவும் தெரியும், ஒரு மேலதிகாரியை அசைக்கவும் தெரியும்.

– அது தெரியுது. ஆனா எனக்கு நாளைக்கு ஆள் உள்ள உக்காந்தே ஆகணும்.

– ஏன், காலி பெஞ்சைப் பார்த்துப் பேச பயமா?

– பயமா? காலி பெஞ்சுக்குப் பிரசங்கம் பண்ணியே என் தொண்டை இப்படி ஆச்சு. போன கோயில்ல முதல் ஞாயித்துக்கிழமை ஏழு பேர். அதுல ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவங்க.

– என்னங்க, பாவம், நாம வேணா முதல் பாட்டுக்கு மட்டும் உள்ள போயிட்டு...

– நீ சும்மா இரு. எடுத்த முடிவு எடுத்ததுதான்.

– அக்காவைத் திட்டாதீங்க ஐயா. ஒண்ணு சொல்றேன். நான் போன ஆறு கோயில்லயும் இப்படி ஒருத்தரும் எனக்கு எதிரா நின்னதில்ல. எங்களுக்கு நிரந்தரப் போதகர் வேணும்னு ஒருத்தர் கேக்கல. எங்கம்மா பேரைத் தப்பாச் சொல்லிட்டாங்கன்னு ஒருத்தர் அழல. கோபப்படக்கூட அங்க ஆள் மிச்சமில்ல. இங்க நூத்துப் பதினெட்டுப் பேருக்குக் கோபம் வருது. சத்தியமாச் சொல்றேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கு.

– கிண்டல் பண்றீங்களா?

– இல்ல ஐயா. மனசுல இருக்கறதைத்தான் சொல்றேன்.

– சரி, அந்த ஆறு கோயில்லயும் இப்ப நிரந்தரமா யார் இருக்காங்க?

– யாரும் இல்ல. ஒண்ணு மரச்சாமான் கிடங்கு. ஒண்ணை இடிச்சுட்டு வண்டி நிறுத்தறாங்க. மத்ததெல்லாம் பூட்டிக் கிடக்கு.

– பூட்டிக் கிடக்கா? யார் பூட்டினது?

– இதைச் சொல்லக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு. இருந்தாலும் சொல்றேன், என்னை முழுசா அறிமுகம் பண்ணிக்க வேண்டாமா? எந்தக் கோயிலை மூடலாம்னு பேராயர் ஆபீஸ் நினைக்குதோ, அங்கதான் என்னை அனுப்புவாங்க. முதல் ஞாயித்துக்கிழமைப் பதிவேட்டைப் பார்த்து, இருக்கட்டுமா மூடட்டுமான்னு நான் எழுதிக் கொடுக்கணும். உள்ள உக்காந்திருக்கற தலையை மட்டும்தான் ஐயா நான் எண்ண முடியும்.