கரிக்கழுத்தின் நெருப்பு

“இன்னும் அரை அடி பின்னால போ மச்சான்” என்று நான் சொன்னது உண்மைதான். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள் மேடம். காப்பி ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள்.

பல்தசார் அப்போது கேமராவைக் கண்ணில் ஒட்டவைத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை காலை, ஆறே முக்கால். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கமிருந்து வெயில் அவன் முதுகில் விழுந்தது. எட்டடி முன்னால், காய்ந்த குச்சியில், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு ரீங்காரச்சிட்டு. பின்னால் இரண்டடியில் மலை முடிந்துவிடுகிறது. அந்த வெளிச்சம் பத்து நிமிஷம்தான் நிற்கும். அவசரம் அவனுக்குத்தான், எனக்கு இல்லை.

“எங்கடா மாப்ளே நெருப்பு? கரிக்கட்டையாட்டம் உக்காந்திருக்கு.”

“நீ நிக்கிற இடம் தப்பு. பின்னால வா.”

“தலையக்கூடத் திருப்ப மாட்டேங்குது. நீ காவல் காக்குற பறவையாச்சே, உன்னை மாதிரியே முண்டம்.”

நான் சிரித்தேன். அவன் கேலி எனக்குப் பழக்கம். என் மனைவி நர்சிசா என்னை விட்டுவிட்டுத் தலைநகர் கீட்டோவுக்குப் பஸ் ஏறிய அன்றுகூட, “என் தங்கச்சிக்கு ரெண்டு றெக்கை இருந்திருந்தா நீ வீட்டுலயே கிடந்திருப்பே மாப்ளே” என்றவன் அவன்.

சிட்டின் கழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த இறகில் சாயம் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத அடுக்குகள்தான். அவை வெளிச்சத்தை வாங்கி ஒரே ஒரு திசையில் திருப்பி எறிகின்றன. அந்தத் திசையில் நின்றால் ஊதா நெருப்பு. ஒரு சாண் தள்ளி நின்றால் கரி. அதனால்தான் எங்கள் ஊரில் அதற்குக் கரிக்கழுத்து என்று பெயர். பாதிப் பேர் அந்த நெருப்பைப் பார்த்ததே இல்லை. எங்கள் முகட்டில் அந்த இனத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். பன்னிரண்டு வருஷமாக நான் அந்த முகட்டுக்குக் காவல்காரன். கடைக்குப் போனாலும் “கரிக்கழுத்து வந்துட்டான், வாழைக்காய் உருண்டை ரெண்டு எடுத்து வை” என்பார்கள். அப்தோன் என்ற என் பெயர் எனக்கே மறந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பல்தசார் போன் செய்தான்.

“சனிக்கிழமை படம் புடிக்கப் பத்துப் பேரைக் கூட்டிட்டு வர்றேன் மாப்ளே. ஆளுக்கு நாலு ஃப்ளாஷ். செவ்வாய்க்கிழமை நான் மட்டும் வந்து கோணம் பாத்துட்டுப் போறேன்.”

“வேணாம் மச்சான். அது ஒண்ணுதான் இருக்கு.”

“அதனாலதாண்டா வர்றாங்க.”

பத்துப் பேர், நாற்பது ஃப்ளாஷ். எந்தக் காவல்காரன் சம்மதிப்பான்? இதைப் பொறாமை என்று எழுதாதீர்கள்.

விளிம்பில் இருந்த மரத்தடுப்பை மழை அரித்துவிட்டது என்று உங்கள் போலீஸ் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். மழை அரிக்கவில்லை. திங்கட்கிழமை நான்தான் கழற்றினேன். சிட்டு உட்காரும் குச்சியையும் ஒரு முழம் தள்ளிக் கட்டினேன். பிறகு நானே விளிம்பில் நின்று பார்த்தேன். ஒரு பொறி மட்டும் தெரிந்தது. ஒரு நீளக் கழியின் நுனியில் சவரக் கண்ணாடியைக் கட்டி, வெளியே நீட்டிப் பார்த்தேன். முழு நெருப்பும் அங்கே இருந்தது, விளிம்பைத் தாண்டி ஒரு முழத்தில். பொறியைப் பார்த்த படக்காரன் நெருப்பைப் பார்க்காமல் நிற்க மாட்டான். பல்தசார் நல்ல படக்காரன்.

நான் அவனைத் தொடவில்லை. அவன் கத்தவும் இல்லை. “ஆ, வந்துருச்சு” என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். அப்புறம் கீழே மரக்கிளைகள் முறியும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

இந்த நாலு நாளில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. தவறி விழுந்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நர்சிசா வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்குத் தூக்கம்தான் வந்தது மேடம். அசதி. நீங்கள்தான் முதல் ஆளாக வந்து, “தடுப்புக்கட்டையில ஆணி பிடுங்கின தடம் புதுசா இருக்கே அண்ணே” என்றீர்கள். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

“ஒரு பறவையக் காப்பாத்தவா ஒரு மனுசனைக் கொன்னீங்க?” என்று இப்போது கேட்கிறீர்கள். ஆமாம். அதற்காகத்தான்.

“அந்தப் பறவை இப்ப எங்கே?”

அதே குச்சியில். இரண்டு காலையும் மெல்லிய கம்பியால் கட்டியிருக்கிறேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். வலிக்காது. பல்தசார் வருவதற்கு எட்டு நாள் முன்பே அது செத்துப்போயிருந்தது.

எனக்கும் ஒரு படம் வேண்டும் என்று தோன்றியது. பன்னிரண்டு வருஷத்தில் ஒன்றே ஒன்று, என் பெயர் போட்டு. பல்தசார் கழித்துக் கொடுத்த பழைய கேமரா, வேகம் போதாது. குளிர்ந்தால் இந்தச் சிட்டுகள் மயங்கிக் கிடக்கும், இதயம்கூட மெதுவாகத்தான் அடிக்கும். விடியும்போது கிளையிலிருந்து கனியைப் பறிப்பதுபோல அதைக் கையில் எடுத்தேன். வெயில் வரும்வரை அசையாமல் இருக்கட்டும் என்று ஐஸ் பெட்டியில் வைத்தேன். இப்படிச் செய்த எத்தனையோ பேரை நானே மலையிலிருந்து விரட்டியிருக்கிறேன். அன்றைக்கு மூடுபனி விலக ஒன்பதரை ஆகிவிட்டது. பெட்டியைத் திறந்து உள்ளங்கையில் வைத்து ஊதினேன். மத்தியானம் வரை ஊதினேன்.

பிறகு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தேன். உயிருள்ள சிட்டு தானாகக் கழுத்தைத் திருப்பி நமக்கு நெருப்பைக் காட்டும். செத்தது திருப்பாது, நாம்தான் இடம் தேடிப் போக வேண்டும். பல்தசார் இன்னும் ஒரு அடி முன்னால் வந்து பார்த்திருந்தால் கம்பியைக் கண்டுபிடித்திருப்பான். சனிக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்திருக்கும்.

நாளைக் காலையில் யாரையாவது அனுப்புங்கள், ஆறே முக்காலுக்கு. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். நிறம் ஒரு துளியும் குறைந்திருக்காது மேடம். என் காவலில் அதற்கு ஒரு குறையும் வந்ததில்லை.