ஒரு கோளாறு சொல்லுண்ணா

நல்லா கயட்டிப் பாருண்ணா. மேலாப்புல பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிடாத. எங்கூர் பக்கத்துல காணையில ஒரு மெக்கானிக்குகிட்ட காட்டினேன், நல்லா இருக்குதுன்றான். விழுப்புரத்துல காட்டினேன், அவனும் அதையேதான் சொல்றான். ஒரு டிராக்டர் ஸ்டியரிங்குல கோளாறு கண்டுபுடிக்கத் தெரியாதவன்லாம் இன்னாத்துக்கு மெக்கானிக் கடை வெச்சிக்கினு இருக்கான்? அதான், சக்கரபாணிண்ணன்தான் சரின்னு திண்டிவனத்துக்கே வந்துட்டேன்.

எப்பிடி வந்தேனா... ஓட்டிக்கினுதான் வந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டு தாண்டி, லாரிங்களுக்கு நடுவுல... நேராதான் வந்துச்சு. மெயின் ரோட்டுல நேராதாண்ணா வரும். எங்கூர்லதான் அதுக்கு புத்தி கெட்டுப்போச்சு.

சிரிக்காத. ஊர்ல ஒருத்தன் எங்கிட்ட பேசறதில்ல. கரும்பு வெட்டு ஆரம்பிச்சாச்சு, எவனும் என் வண்டியக் கூப்பிடல. டீக்கடையில போய் ஒக்காந்தா, பேசிக்கினு இருந்தவன்லாம் போன எடுத்து நோண்டறான். வூட்ல சகாய பிரியா, கட்டின புருஷன வுட்டுட்டு சட்டி பானையோட பேசறா. எல்லாம் ஒரு தேராலண்ணா.

மாதா கோயிலு தேரு. முன்னல்லாம் தோள்ல தூக்குவாங்க. இப்ப எவனுக்கு தோளு இருக்குது? என் டிராக்டர்லதான் இழுக்கறோம். சீரியல் லைட்டு, ஜெனரேட்டரு, பின்னால பேண்டு செட்டு. ஊரு முச்சூடும் சுத்திட்டு காலனி முனையில நிக்கணும். காலனி ஜனங்க அங்கயே வந்து மெழுகுவத்தி ஏத்தி கும்புட்டுக்குவாங்க. அப்பால நான் ரிவர்ஸ் எடுத்துடணும். அந்தத் தெருவுக்குள்ள தேரு போறதில்ல. அவங்களும் அதே கோயில்லதான் பூசை பாக்கறாங்க, அதே மாதாதான். ஏன் போறதில்லன்னா வழக்கம்ன்னுவாங்க. நானும் கேட்டதில்ல. டிரெய்லர மாட்டிக்கினு ரிவர்ஸ் எடுக்கறது எவ்ளோ பேஜாருன்னு உனக்கே தெரியும். அந்தக் கவலையில வேற எதுவும் தோணாது.

இந்த வருஷம் தெரியாத்தனமா தெருவுக்குள்ள பாத்துட்டேன். ஹெட்லைட்டு வெளிச்சத்துல... கடைசி வூடு வரைக்கும் தண்ணி தெளிச்சி கோலம் போட்டு வெச்சிருக்காங்கண்ணா. என் வண்டிக்கு கரும்பு ஏத்தற அக்னஸு இருக்குதே, அது வாசல்ல ஸ்டூலு போட்டு, வெள்ளத்துணி விரிச்சி, பூவு, சாம்பிராணி எல்லாம் வெச்சிக்கினு நிக்குது. எறங்கிப் போயி, தேருதான் உள்ள வராதேம்மான்னு கேட்டேன். அது சொல்லுது:

"தெரியும்ண்ணா. திடீர்னு வந்துட்டா வாசலு குப்பையா இருக்கக் கூடாதுல்ல. வருஷா வருஷம் கூட்டி வெப்போம்."

போய் வண்டில ஏறினேன். ஸ்டியரிங்கு லெஃப்ட்ல திரும்பி தெருவுக்குள்ள போயிடுச்சு. தானா. நான் இன்னா பண்றது? பேண்டு செட்டுக்காரனுங்க வெளியூரு, அவனுங்க பாட்டுக்கு வாசிச்சிக்கினு பின்னாலயே வந்துட்டானுங்க. ஊர்த் தலைவரு பிரான்சிஸ் மட்டும் முனையிலயே நின்னுக்கினு கையக் கைய ஆட்டறாரு, சத்தத்துல ஒண்ணும் காதுல விழல.

ஆமா, ஒவ்வொரு வாசல்லயும் நின்னு நின்னுதான் போச்சு. அதுவும் ஸ்டியரிங்காலயான்னா... பிரேக்கையும் கொஞ்சம் பாத்துடுண்ணா.

இப்ப பிரான்சிஸு ஒரு வழி சொல்லிருக்காரு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் எல்லாருக்கும் முன்னால நின்னு, வண்டிக் கோளாறு, அதான் உள்ள போயிடுச்சுன்னு சொல்லிடணும். மெக்கானிக்கும் போன்ல அதையே சொல்லணும். சொன்னா கரும்பு வேலை எல்லாம் பழையபடி எனக்குத்தான். வண்டி தப்பு பண்ணா ஊரு மன்னிச்சிடும் போலருக்குது.

இன்னாண்ணா, கையத் தொடச்சிக்கினு எந்திரிக்கற? ஒண்ணுமே இல்லியா? ஒரு நட்டு கூடவா லூஸா இல்ல?

நெசமாவா? எனக்காவ கோளாறுன்னே சொல்லிடறியா? நீ நல்லா இருக்கணும்ண்ணா. இதோ, பிரான்சிஸுதான் போன்ல கூப்புடறாரு. ஜல்தி சொல்லிடு, கையில புடி...

இரு. இருண்ணா, பேசாத.

இல்ல... நீ சொன்னா ஊரு பூரா தெரிஞ்சிடும். அக்னஸு காதுலயும் வுழும். வண்டி கெட்டுப்போயிதான் மாதா நம்ம வாசலுக்கு வந்துச்சுன்னு அது நெனைச்சிடும்ல.

போன இப்பிடி குடு.

ஐயா, சூசைமுத்து பேசறேன். வண்டி நல்லாத்தான்யா இருக்குது. நான்தான் திருப்பினேன்.