ராணி கல்லறை

எலுமிச்சை பிழிந்து ஊறவைத்தால் எந்த மீனும் வெளுத்துத்தான் போகும். எங்கள் ஹுவாஹினே தீவில் பச்சை மீனை அப்படித்தான் தேங்காய்ப்பால் விட்டுச் சாப்பிடுகிறோம். சொகுசுப் படகில் தீவு தீவாகச் சுற்ற வருகிறவர்களுக்கும் அது பிடிக்கும். நான் அந்தப் படகின் சமையல்காரன், ஐயா. என் தம்பி தவுஹிதி வழிகாட்டி.

அவனுக்கு வாய் நீளம். எங்கள் குடும்பத்து மணல்திட்டில் பயணிகளை இறக்கி, தென்னைகளுக்கு நடுவே இருக்கும் அம்மாவின் கல்லறையைக் காட்டி, பழங்காலத்து ராணியுடையது என்பான். செத்தவர்களை நாங்கள் வீட்டு நிலத்தில்தான் புதைப்போம். அது வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? குளித்துவிட்டு ஈரத் துண்டுகளை அம்மா மேல் காயப்போட்டார்கள். வேண்டாமென்று தம்பியிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

“அம்மா செத்தும் சம்பாதிச்சுக் குடுக்குறா. நீ உசுரோட இருந்து என்னத்தக் கிழிச்ச அண்ணே?” என்றான். படகில் எல்லோரும் சிரித்தார்கள்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

எங்கள் காயலில் பவளம் செத்துப்போன பக்கத்து மீன் விஷம். பார்த்தாலும் தெரியாது, தின்றாலும் தெரியாது, வேகவைத்தாலும் போகாது. ஒருமுறை பட்டவனுக்கு மறுமுறை இன்னும் மோசம். தம்பி இரண்டு முறை பட்டவன். இன்னொரு தடவை அவன் இதயம் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதன்பிறகு அவன் காயல் மீனைத் தொட்டதில்லை. வெளிக்கடல் சூரை மீன் மட்டும்தான், அதுவும் பயணிகள் சாப்பிடும் பாத்திரத்திலிருந்து. அண்ணன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆகவே எல்லோருக்கும் ஒரே பாத்திரமாகச் செய்தேன். செத்த பவளத்துப் பக்கம் பிடித்த பாறை மீன். நான் பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

“சூரைதானே அண்ணே?”

“சூரைதான்டா. தின்னு.”

பயணிகளுக்கு வாந்தி, பேதி. பச்சைத் தண்ணீரைத் தொட்டால் நெருப்பாகச் சுடுகிறது என்று அழுதார்கள். பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் பிழைக்கவில்லை, அவருக்கு வயதாகியிருந்தது. தம்பி என் கையைப் பிடித்தபடியே போனான். அம்மாவுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினேன்.

அம்மாவுக்காகத்தான் செய்தேன், ஐயா. அவள் நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

நீங்கள் வந்து கைதுசெய்யும்வரை வழிகாட்டி வேலையையும் நான்தான் பார்த்தேன். திட்டில் படகு நிற்காவிட்டால் பயணிகள் முகம் சுளிப்பார்கள். கல்லறை இரண்டானதால் கதையும் நன்றாக அமைந்தது: ராணி, பக்கத்தில் அவள் பெற்ற இளவரசன். ராணி மேல் துண்டு போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். இளவரசன் மேல் போட்டுக்கொள்ளலாம்.